சிவப்புத் துணியில் வந்த மாம்பழம்

வெகு காலத்துக்கு முன்னே, தாழையூர்ச் சீமையை விசயமல்லன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அவனுக்கு மாறநம்பி என்றொரு புது மந்திரி. அந்த மந்திரிக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருசம் அரண்மனைத் தோப்பில் முதல் மாம்பழம் பழுத்தது. முதல் பழத்தை ராசாவே தன் கையால் அம்மனுக்குப் படைப்பது வழக்கம். கோவிலில் கூடையைத் திறந்தால், பழத்தில் பெரிய கடி! அம்மனுக்கு எச்சில் பழமா? ராசாவுக்குக் கண் சிவந்துவிட்டது. கூடைக்குப் பக்கத்தில் நாயனத்தோடு உட்கார்ந்திருந்தவன் பக்கிரி. அவனைத்தான் காவலர்கள் பிடித்தார்கள்.

சபையில் விருபாட்சப் பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். கடித்த தடத்தைப் பார்த்துக் கடித்தவனைச் சொல்லிவிடும் வித்தைக்காரர். 'தந்த சிகாமணி' என்று ராசா பட்டமே கொடுத்திருந்தான். மந்திரி என்றால் அவருக்கு வேப்பங்காய். தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் அல்லவா? தட்டிக் கேட்கிற ஒரே ஆள் அந்த மந்திரிதான்.

காவலர்கள் பக்கிரியை வேறொரு பழத்தைக் கடிக்க வைத்து, அதைச் சிவப்புத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். பண்டிதர் இரண்டு பழங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்; தலையைச் சாய்த்துப் பார்த்தார்; கனைத்துக்கொண்டார்.

"இவனேதான் மகாராசா! எள்ளளவும் ஐயமில்லை."

திருடித் தின்றவனுக்குப் பல்லைப் பிடுங்குவது அந்தச் சீமைச் சட்டம். "நாளைப் பொழுது சாய்வதற்குள் முப்பத்திரண்டையும் பிடுங்குங்கள்!" என்றான் ராசா.

பக்கிரி தரையில் விழுந்தான். "சாமி, நான் தொடவே இல்லீங்க. பல்லு போனா ஒதடு உள்ள போயிடும். நாயனத்து வாயில இருக்கிற சீவாளியை எதால புடிப்பேன்? நாயனம் போச்சுன்னா நான் செத்தவன்தானுங்க!"

மந்திரி எழுந்து, "மகாராசா, பண்டிதரின் வித்தையை நானும் கற்க ஆசைப்படுகிறேன். நாளைச் சாயங்காலம் வரை பொறுத்தருள வேண்டும்" என்றார். பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் காலையில், வாயில்காவலன் சடையப்பன் கையில் ஒரு கூடை மாம்பழம் கொடுத்து, மந்திரி பண்டிதர் வீட்டுக்குப் போனார்.

"பண்டிதரே, உங்கள் கணிப்பு எத்தனை முறை தவறியிருக்கிறது?"

"தவறுவதா! பதினோரு பேரைக் காட்டினேன். பதினோரு பேருக்கும் பல் போயிற்று."

"பல் போனது சரி. கடித்தது அவர்கள்தான் என்பது எப்படித் தெரியும்?"

"கடிக்காதவன் பல்லை ராசா பிடுங்குவாரா?"

மந்திரிக்குத் தலை சுற்றியது. பண்டிதர் சொன்னார் என்று ராசா பிடுங்குகிறார். ராசா பிடுங்கினார் என்று பண்டிதர் தன்னை மெச்சிக்கொள்கிறார்! நல்ல செக்குமாட்டு நடை.

"பல பேர் கடித்த பழங்கள் வந்தால், எது யார் கடித்தது என்று குழம்பாதா?"

"எப்படிக் குழம்பும்? குற்றவாளி கடித்தது சிவப்புத் துணியில் வரும். அரண்மனை வழக்கம் உமக்குத் தெரியாதா?" என்று சிரித்த பண்டிதர், கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ஒரு கடி கடித்தார். புளித்தது. முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டார். மந்திரி கண் காட்ட, சடையப்பன் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் சபை கூடியது. அம்மன் பழத்தின் பக்கத்தில் ஐந்து பழங்கள். நான்கு வெள்ளைத் துணியில், ஒன்று சிவப்புத் துணியில்.

"ஐந்து பேர் கடித்தவை. பக்கிரி கடித்ததும் இதில் உண்டு. அம்மன் பழத்தோடு பொருந்துவது எது?" என்றார் மந்திரி.

பண்டிதர் வெள்ளைத் துணிகளை ஒப்புக்கு விலக்கிப் பார்த்தார். சிவப்புத் துணியை அவிழ்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதோ! மேல்வரிசையில் இரண்டாம் பல் கோணல். பார்த்தாலே சொல்லலாம், திருட்டுப் பல்!"

"சத்தியமாகவா?"

"என் வித்தையின் மேல் ஆணை!"

மந்திரி திரும்பினார். "சடையப்பா, அந்தப் பழம் யார் கடித்தது?"

"பண்டிதர் அய்யாதானுங்க. இன்னிக்குக் காலையில, அவங்க வீட்டுல. என் கையாலதான் எடுத்தேன், என் கையாலதான் கட்டினேன். பக்கிரி கடிச்சது அந்த வெள்ளைத் துணியில கிடக்குதுங்க."

சபை குலுங்கியது. சாஸ்திரம் பல்லிளித்துவிட்டது. ராசா துள்ளி எழுந்தான். "அப்படியானால் பண்டிதர்தான் திருடர்! கொண்டுவா குறடு!"

"பொறுங்கள் மகாராசா. அவர் கடித்தார் என்று நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். அவர் கண் பழத்தைப் பார்த்தது, மனசு துணியைப் பார்த்தது. துணி மாறினால் திருடன் மாறுகிறான். இதை நம்பி யார் பல்லில் கை வைப்பது?"

"பின்னே கடித்தது யார்?"

"தெரியாது, மகாராசா."

"தெரியாது என்று சொல்லவா எனக்கு ஒரு மந்திரி?"

"அப்படிச் சொல்ல முன்பே ஒருத்தன் இருந்திருந்தால், பதினோரு பேர் இன்றைக்குப் பாக்குக் கடித்துக்கொண்டிருப்பார்கள்."

ராசாவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பக்கிரிக்குப் பட்டுப் போர்த்தி அனுப்பினான். மந்திரியைத் தன் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, "இனி நீர் 'அது எப்படி?' என்று கேட்டு, அதற்குப் பதில் வந்த பிறகுதான் என் வாயில் தீர்ப்பு வரும்" என்றான். பண்டிதரின் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு சிறிய உரலையும் உலக்கையையும் கொடுத்தான். பல் போன பதினோரு பேர் வீட்டுக்கும் தினமும் போய் அவர் வெற்றிலைபாக்கு இடித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் வீடு வண்டிக்கார மூக்கனுடையது. பண்டிதர் வாசலில் குந்தி இடித்தார். பாக்கு மசிந்தது. அதை மூக்கனிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்.

"மூக்கா... அன்றைக்கு நிசமாகவே நீதான் கடித்தாயா?"

மூக்கன் வெறும் ஈறு தெரியச் சிரித்தான். "இதை அன்னிக்கே கேட்டிருக்கலாமே சாமி."