கடைசி மாட்டுக்கு மாலை

என்னை முதலில் சீண்டியவர் பூவராகன்தான். பலரும் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவர் நிர்வாகி. எங்கள் நெட்டூரணி மாட்டுவண்டிப் பந்தயத்தில் கடைசியாக வரும் மாடுகளுக்கும் மாலை போடுவோம் என்று அதில் எழுதினேன். "கட்டுக்கதை" என்று நீக்கிவிட்டார்.

"ஊரே பார்க்குதே ஐயா!" என்று உரையாடல் பக்கத்தில் கேட்டேன்.

"ஊர் பார்த்தால் போதாது. அச்சில் வந்த சான்று வேண்டும். ஐந்தாவது படித்தவருக்கு இதெல்லாம் எங்கே புரியும்?" என்றார். ஐந்தாவதுவரை படித்தவன் என்று என் அறிமுகப் பக்கத்தில் நானே போட்டிருந்தேன்.

அவருக்கு மேடை என்றால் உயிர். அடுத்த பந்தயத்துக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தோம். பொன்னாடை போர்த்தி, கையில் மாலையைக் கொடுத்து, "இந்த மாடுகளுக்குப் போடுங்க ஐயா" என்றேன். எந்த மாடு என்று கேட்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி போட்டார்.

மறுநாள் நாளிதழில் செய்தி: "வழக்கப்படி, கடைசியாக வந்த மாடுகளுக்கு மாலை அணிவித்தார் பூவராகன்."

வரியைத் திரும்பச் சேர்த்தேன். சக தொகுப்பாளர் மெஹருன்னிசா அந்தச் செய்தியைச் சான்றாக இணைத்து, "இப்போ நீக்குவீங்களா சார்?" என்று கேட்டார்.

"சான்று ஏற்கப்பட்டது" என்று மட்டும் எழுதினார் பூவராகன்.

கட்டுக்கதை என்றதற்கு மன்னிப்பு இன்னும் பாக்கி. அது வரும்வரை, அவர் மாலை போடும்போது நான் எடுத்த படம் அந்தப் பக்கத்தின் உச்சியில்தான் இருக்கும்.