நிற்காமல் துடித்த பச்சை விளக்கு

ஆனி முடிய இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருந்தன. தென்காசியில் சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிற்பகல் நான்கு மணிதான் என்றாலும், வானம் விளக்கேற்றும் வேளையைப் போல இருண்டு கிடந்தது.

உலகம்மையின் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் மௌன அமர்வு முடிந்தது. சீடர்கள் தத்தம் குடையை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சிவசைலம் மட்டும் பாயை விட்டு எழவில்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுதியதை நம்பாமல் இருப்பதற்கே பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கியவர். உலகம்மை அவரைவிட மிக இளையவர். இருந்தும் சிவசைலம் அவரை 'அம்மா' என்றுதான் அழைப்பார். உலகம்மை இவரை 'ஐயா' என்பார்.

"ஏதோ கேக்கணும்னு உக்காந்திருக்கீங்க. கேளுங்க ஐயா."

"திருடுறவளோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கலாமா அம்மா?"

"என்ன களவு போச்சு?"

"வேகம்."

உலகம்மை புருவத்தை உயர்த்தவில்லை. காத்திருந்தார்.

"வீட்டு நெட்டும்மா. ஒரு பக்கத்தைத் தொட்டா, அது திறக்கதுக்குள்ள காப்பி போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவி வெச்சிரலாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி மக சங்கரி ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருந்து கூப்பிடுதா. வாயைத் திறந்தவ திறந்தபடியே நின்னுபோறா. என்ன சொல்ல வந்தான்னே தெரியாது. வீட்டுல நான் ஒத்த ஆளு. வாரத்துல ஒரு நாள்தான் பெத்த பிள்ளை முகம். அதையும் ஒருத்தி திங்குதா."

"யாரு?"

"மாடியில குடியிருக்கவ. எஸ்தர்னு பேரு. ஆஸ்பத்திரி லேப்ல வேலை. புருஷன் மஸ்கட்ல. பன்னெண்டாம் வகுப்பு படிக்க ஒரு மக. ராத்திரி பூரா வீடியோவுல பேசுதாங்க. எந்த நெட்டுல பேசுதாங்க?"

"கேட்டீங்களா?"

"திருடுறவகிட்ட கேட்டா சொல்லுவாளா?"

சாரல் ஜன்னல் கம்பிகளில் முத்து முத்தாகக் கோத்து நின்றது. சிவசைலம் தம் ஆதாரங்களைத் தணிக்கை அறிக்கையின் வரிசையில் எடுத்து வைத்தார். எஸ்தர் தை மாதம் குடிவந்தாள். அந்த வாரமே வேகம் படுத்தது. அவள் ஒரு நாள் படியில் நின்று, 'இன்னைக்கு நெட் ரொம்ப மோசம் போல, ஐயா?' என்று அவளாகவே கேட்டாள். இவர் வீட்டு நெட் மோசம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"கடைசி ஆதாரம் ஒண்ணு இருக்கு அம்மா. பாஸ்வேர்டை மாத்தினா ரெண்டு நாள் நெட் பறக்கும். மூணாம் நாள் பழைய குருடி. ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிருதா. ஒவ்வொரு தடவையும் அதே ரெண்டு நாள்."

"அந்த ரெண்டு நாளும் நீங்க என்ன செய்வீங்க?"

"நானா? புதுப் பாஸ்வேர்டை எல்லாத்துலயும் ஏத்தணுமே. ஏணி போட்டு ஏறி இறங்கணும். முட்டிவலியோட அது ஒரு நாள்ல முடியுத காரியமா?"

உலகம்மை அவர் முட்டியை ஒருமுறை பார்த்தார்.

"கம்பெனி ஆளும் வந்து பாத்தான். 'வெளி லைன் சுத்தமா இருக்கு, வீட்டுக்குள்ளதான் யாரோ இழுக்காங்க'ன்னுட்டுப் போனான். போற வழியில மாடிக்குப் போய்த் தண்ணி வாங்கிக் குடிச்சான். கீழ நான் இருக்கேன், பானையும் இருக்கு. அங்க எதுக்குப் போவான்?"

"இப்போ என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"ஆடி பிறந்தா யாரும் வீடு மாற மாட்டாங்க, அம்மா. அதனால ஆனிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். சொந்தக்காரங்க வாராங்கன்னு காரணம் சொன்னேன்."

"வாராங்களா?"

"இல்ல."

"பொய்யா?"

"நாகரிகம், அம்மா."

உலகம்மை எழுந்து, கதவருகே சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்தார். "நடங்க," என்றார்.

சிவசைலத்தின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. வாசலை நெருங்கியதும் உலகம்மை ஒரு கணம் நின்று, கேட்டுக்கு மேலே எதையோ நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியின் வாயைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த எஸ்தர் தலை தூக்கினாள்.

"வாங்கம்மா," என்றாள். உலகம்மை சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சிவசைலம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பே பழக்கமோ? அம்மா இரத்தப் பரிசோதனைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவாரோ? நான்கு ஆண்டுகளாகக் காலடியில் உட்கார்ந்திருக்கிற தமக்கு இப்படியொரு சிரிப்பை அவர் தந்ததாக நினைவில்லை.

"நெட் இன்னைக்கும் சரியில்லையா ஐயா?" என்றாள் எஸ்தர்.

சிவசைலம் உலகம்மையின் பக்கம் திரும்பி, 'கேட்டீர்களா' என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று உலகம்மை நேராகவே கேட்டார்.

"கஸ்டமர் கேர்ல ஐயா போடுற சத்தம் மாடி வரைக்கும் கேக்கும். எங்க வீட்டுல குக்கர் விசிலே கேக்காது."

கூடத்தில், சுவர் அலமாரியின் நடுத்தட்டில் மோடம் இருந்தது. பாஸ்வேர்டு அச்சிட்டிருந்த பக்கத்தின்மேல் சிவசைலம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார். அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு மூச்சு வாங்குவதுபோலத் துடித்துக்கொண்டிருந்தது.

"இது எதுக்குத் துடிக்கு?"

"நெட்டை யாராவது இழுக்கப்போ துடிக்கும்."

"சரி. உங்களோடது எல்லாத்தையும் அணைங்க."

டிவியை அணைத்தார். கணினியை அணைத்தார். கைப்பேசியையும் அணைத்துக் குப்புற வைத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

விளக்கு துடித்தது.

"பாத்தீங்களா!" சிவசைலத்தின் குரலில், ரசீது இல்லாத செலவைப் பிடித்துவிட்ட நாட்களின் மகிழ்ச்சி இருந்தது. "கையும் களவுமா!"

உலகம்மை படிப்பக்கம் திரும்பி, "எஸ்தர், உன் போனையும் மக போனையும் அணைச்சு எடுத்துட்டு வருவியாம்மா?" என்றார்.

எஸ்தருக்கு ஒரு கணத்தில் விஷயம் விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. மேலே போனாள், இரண்டு கைப்பேசிகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"நாங்க போன்ல இருக்கிற டேட்டாவுலதான் பேசுதோம்," என்றாள். சிவசைலத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

விளக்கு துடித்தது.

"இன்னொண்ணு ஒளிச்சு வெச்சிருப்பா, அம்மா."

"மாடிக்குத் தனி மெயின் இருக்கா?"

"இருக்கு."

"நானே அணைக்கேன்," என்றாள் எஸ்தர். படிக்குக் கீழே இருந்த மின்பெட்டியைத் திறந்து ஸ்விட்சைக் கீழே தள்ளினாள். மாடி இருண்டது. மேலிருந்து மகளின் குரல் வந்தது: "அம்மா, கரண்ட் போச்சு!"

"போகட்டும், இரு!"

விளக்கு துடித்தது.

"பேட்டரியில ஓடும்," என்றார் சிவசைலம். ஆனால் குரலில் முந்தைய சுருதி இல்லை.

உலகம்மை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோடத்தைப் பார்த்து அல்ல. அதற்கு எதிர்ச்சுவரைப் பார்த்து. ஓட்டுச் சாய்ப்பில் சாரல் நடக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

"ஐயா, இந்த வீட்டுல இன்னும் யாரு முழிச்சிருக்கா?"

"யாரும் இல்லையே அம்மா."

உலகம்மை எதிர்ச்சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவசைலம் அந்தப் பார்வையைத் தொடர்ந்து போனார். காலண்டருக்கு மேலே, மோடத்தையே குறிவைத்து, ஒரு சிறு கேமரா உட்கார்ந்திருந்தது.

"அதுவா? அது காவலுக்கும்மா. மோடத்துகிட்ட யாராவது வந்தா தெரியணும்ல? அது எதையும் எடுக்காது. சும்மா பாக்கும்."

"பாத்ததை எங்க வெக்கும்?"

"வெளிநாட்டுல எங்கயோ ஒரு கிடங்கு மாதிரி வெச்சிருக்கான். ராப்பகலா ஒரு நிமிஷம் விடாமச் சேத்து வெப்பான். வருஷச் சந்தா கட்டியிருக்கேன்."

"அங்க எப்படிப் போகுது?"

சிவசைலம் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"எத்தனை இருக்கு ஐயா?"

"அஞ்சு."

"முதல் கேமரா எப்போ மாட்டினது?"

பதில் அவரிடம் இருந்தது. எஸ்தரின் சாமான் வண்டி வந்து நின்ற அன்று மாலை, புதிதாக ஆள் வருகிறதே என்று, படிக்குக் கீழே மாட்டியது. வேகம் குறைந்ததும் மோடத்தைக் காக்க இரண்டாவது. இன்னும் குறைந்ததும் மாடி வாசலைப் பார்க்க மூன்றாவது. பிறகு கேட்டுக்கு ஒன்று. பின்கட்டில் கம்பி நுழைகிற இடத்துக்கு ஒன்று. கொல்லைப்புறம் போய் ஏணியை எடுத்து வந்தார்.

காலண்டருக்கு மேலிருந்ததைக் கழற்றினார். விளக்கின் துடிப்பு சற்றுத் தடுமாறியது. படிக்குக் கீழே இருந்ததைக் கழற்றினார். மாடி வாசலுக்கு எதிரே ஏணியைச் சாத்தி ஏறியபோது அது ஆடியது. யாரோ கீழே வந்து பிடித்தார்கள். குனிந்து பார்த்தார். எஸ்தர்.

"இது எங்க பாதுகாப்புக்குன்னு சொன்னீங்க ஐயா," என்றாள் எஸ்தர். "என் மக இதுக்காகவே வாசல்ல கோலம் போடுறதை விட்டுட்டா. குனிய மாட்டேங்கா."

சிவசைலம் திருகாணியைச் சுழற்றினார். அது எளிதில் வரவில்லை.

கேட்டிலும் பின்கட்டிலும் இருந்தவை கழன்றபின் மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. எப்போதாவது ஒருமுறை, தூக்கத்தில் கண் சிமிட்டுவதுபோல, லேசாகச் சிமிட்டியது.

"இப்போ பாருங்க," என்றார் உலகம்மை.

சிவசைலம் கணினியைப் போட்டார். விரலை எடுப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டது. அடுத்து எதைத் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த ஆறு மாதமாக அவர் பார்த்ததெல்லாம் இரண்டுதான்: வேகத்தை அளக்கிற பக்கம், கேமராக்கள் காட்டுகிற மாடிப்படி.

கணினியை அணைத்துவிட்டு அவர் கேட்டார்: "வாசல்லயே கேமராவைப் பாத்துட்டீங்க. அப்பவே எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே அம்மா. இந்தப் பிள்ளை முன்னால என்னை இப்படி..."

"சொல்லியிருந்தா, எனக்கும் இவளுக்கும் கூட்டுன்னு நினைச்சிருப்பீங்க ஐயா."

மாடிப்படியில் இரண்டு சிரிப்புகளைக் கண்டபோது தம் மனம் எழுதிக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது. தலை கவிழ்ந்தது.

உலகம்மை குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எஸ்தர் கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

"எஸ்தர்." முதன்முறையாக அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். "சொந்தக்காரங்க யாரும் வரலைம்மா. நீங்க இங்கயே இருக்கலாம்."

"அங்க அட்வான்ஸ் குடுத்தாச்சு ஐயா."

"அதை நான் தாரேன்."

"வேண்டாம் ஐயா. அந்த வீட்டுக்காரங்க வீட்டுல நெட்டே கிடையாதாம்."

ஆனி முடிவதற்குள் வண்டி வந்தது, மாடி காலியானது. ஆடியின் முதல் ஞாயிறு இரவு சங்கரி கூப்பிட்டாள். அவள் காதுத் தோட்டின் கல் கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்பா, நெட் சரியாயிட்டுதே! யாரு சரிபண்ணினா?"

"நான்தான்."

"கெட்டிக்காரர்தான் போங்க. மேல சத்தமே காணோமே, எஸ்தர் அக்கா எப்படி இருக்காங்க? அவங்க நம்பரை வாங்கி அனுப்புங்கன்னு தை மாசத்துல இருந்து சொல்லுதேன். சொல்லி முடிக்கதுக்குள்ள படம் நின்னுரும். உங்களுக்கு ராத்திரியில ஒண்ணுன்னா, கூப்பிட எனக்கு வேற யாரு இருக்கா?"

சிவசைலம் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"அப்பா? ஹலோ? அப்பா, படம் நின்னுட்டுதா?"

படம் நிற்கவில்லை.

எஸ்தர் கொடுத்திருந்த முன்பணத்தை, அவள் வண்டி ஏறிய அன்றே சிவசைலம் முழுதாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். வண்டி வாடகையை அவளே கொடுத்தாள். ஆடி மாதத்து இணையக் கட்டணத்தை அவர் கெடு நாளுக்கு முன்பே கட்டினார். மாடி வாடகையை அந்த மாதம் யாரும் கட்டவில்லை.