பன்னிரண்டாம் தகடு

நடு வயலில் டிராக்டர் நின்றுவிட்டது. இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து போயிருந்தது. எரித்தவன் நான்.

மடத்துக்கு ஒன்பது ஏக்கர் நிலம், ஒரு டிராக்டர். டிராக்டர் என்னைவிட ஐந்து வயது மூத்தது. மடத்தை நடத்துகிற சாமி, காவி கட்டுவதற்கு முன்னால் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஞானம் கேட்டு வருகிறவன் கையில் முதலில் ஸ்பானரைத்தான் கொடுப்பார். எனக்கும் கொடுத்தார். பதினோரு வருஷம் பிடித்தேன்.

தகட்டை மட்டும் கொடுக்கவில்லை.

தகடு என்றால் ஃபீலர் கேஜ். மடக்குக் கத்தி மாதிரி இருக்கும். விரித்தால் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். எஞ்சின் தலையில், வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்குகிற இரும்புக் கைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். எங்கள் எஞ்சினுக்குப் பன்னிரண்டாம் தகட்டின் கனம். தகட்டை நுழைத்துத் திருகை முடுக்க வேண்டும். தகடு லேசாகப் பிடித்து இழுபடுகிற இடத்தில் நட்டைப் பூட்ட வேண்டும். டேப்பெட் வைப்பது என்பார்கள். சாமியைத் தவிர யாரும் வைத்ததில்லை.

சித்திரையில் பூதத்தான் வந்தான். சங்கரன்கோவிலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவன். நாற்பது வயது. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. மூன்றாம் மாதம் ஒரு காலையில், சாமி மடியிலிருந்து தகட்டை எடுத்தார். நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"பூதத்தான், இந்தா."

நான் ஸ்பானர் பிடித்தேன். அவன் தகடு பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நுழைத்தான், இழுத்தான். ஆறு வால்வுக்கும் அப்படியே. கிளப்பியதும் எஞ்சின் தலைக்குள் டிக் டிக் என்று மெல்லிய சத்தம்.

"சத்தம் வருதே சாமி."

"வரட்டும்."

ஸ்பானரைப் பெட்டிக்குள் வீசினேன்.

மறுநாள் சாமி ராஜபாளையம் போனார். மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். நான் எஞ்சின் மூடியைக் கழற்றினேன். தகடு அவன் மடியில் இருந்தது. இருந்தால் என்ன? என் கை பதினோரு வருஷக் கை. ஆறு திருகையும் ஆட்டம் போகிறவரைக்கும் முடுக்கினேன்.

சாயங்காலம் எஞ்சின் ஓடியபோது, சமையல்காரர் பண்டாரம் வெளியே வந்து பார்த்தார்.

"என்னவே, வண்டி ஓடுதா, நிக்குதா?"

அவ்வளவு அமைதி. சாமி வரட்டும், இது யார் கை என்று கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஆனி மழை பிடித்தது. ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும். நான்தான் ஓட்டினேன். இரண்டாம் நாள் உச்சி வெயிலில் எஞ்சின் இழுக்கவில்லை. விக்கியது. புகைந்தது. நின்றது.

சாமி அன்றுதான் திரும்பியிருந்தார். நேரே வயலுக்கு வந்தார். சூடு ஆறுகிறவரைக்கும் காத்திருந்து மூடியைத் திறந்தார். பூதத்தானிடமிருந்து தகட்டை வாங்கி ஒவ்வொரு வால்வாக வைத்துப் பார்த்தார். பிறகு அவனிடமே நீட்டினார். அவனும் வைத்துப் பார்த்தான்.

"எத்தன வச்ச?"

"பன்னெண்டு சாமி."

"சரி."

என்னை ஒன்றும் கேட்கவில்லை.

எஞ்சின் தலையைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தோம். விளிம்பு, எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. பண்டாரம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூதத்தான், மல்லியப்பூ கட்டுத மாதிரி கட்டிட்டீரோவே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் கடைசியில் நின்றது.

தலை தென்காசி பட்டறைக்குப் போய்த் திரும்ப நாலு நாள் ஆயிற்று. வயல் காய்ந்து கட்டி தட்டிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால் "பூக்கட்டிக்கு ஒரு கரண்டி கூடப் போடும்வே, கை நடுங்குது" என்பார்கள். தொழுவத்துப் பக்கம் போனால் "எருமைக்கு மாலை கட்டவா வந்தீரு?" என்பார்கள். அவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் தலையை மாட்டினோம். சாமி மறுபடியும் அவனையே கூப்பிட்டார். அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு தகட்டை நுழைத்தான். எஞ்சின் கிளம்பியது. டிக் டிக்.

"பழைய சத்தமே வருதே சாமி," என்றேன்.

"ஓட்டு."

இரவில் பெய்த தூறலில் மேல்மண் கொஞ்சம் இளகியிருந்தது. மத்தியானம்வரை உழுதேன். சாமி வரப்பில் உட்கார்ந்திருந்தார். கை காட்டினார். கலப்பையைத் தூக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன்.

"ஆவுடை, கேளு. சத்தம் எங்க?"

குனிந்து கேட்டேன். காலையில் கேட்டதில் கால்வாசிகூட இல்லை.

"கொறஞ்சிருக்கு சாமி. யார் இறுக்கினா?"

"யாரும் தொடல. இரும்பு சூடானா நீளும்லா? நீண்டு, விட்ட எடத்த நெறச்சிக்கிடும்."

"எடம் விடலன்னா?"

"நீளாம இருக்குமா? நீண்டு வால்வத் தள்ளும். வால்வு மூடாது. மூடாத வழியில தீ போகும்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"பதினோரு வருஷம் சாமி. எனக்கு ஏன் தகட்டக் குடுக்கல?"

"நீ எப்பவும் ஒரு சுத்து கூட முடுக்குவ."

எஞ்சினை அணைத்தேன்.

"நான்தான் சாமி இறுக்கினேன். நீங்க ராஜபாளையம் போன அன்னைக்கு."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"தகடு நுழையலியே. அப்பவே."

"பூதத்தானுக்கு?"

"அவனும்தான் வச்சுப் பாத்தான்."

"தெரிஞ்சுமா நாலு நாளா அத்தன பேரு அவன…" வண்டியை விட்டு இறங்கினேன். "நீங்களாவது கேட்டிருக்கலாம் சாமி."

சாமி எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"கேக்கவா? வண்டி நின்ன அன்னைக்குச் சாயங்காலமே ஒன் துணி மூட்டைய எடுத்து வெளிய வைக்கப் போனேம்ல. கையப் பிடிச்சிக்கிட்டான். 'அவரா வந்து சொல்லுவாரு சாமி, கொஞ்சம் எடம் விடுங்க'ன்னான்."

தெரிந்தும் கேட்டேன்.

"யாரு சாமி?"

"பூதத்தான்."