கொம்புள்ள வண்டி

மருதாபுரி பெரிய பட்டணமுமில்லை, சின்ன ஊருமில்லை. ஆனால் வண்டி ஓட்டுவதில் அதன் ஜனங்களுக்கு உலகத்தில் ஈடு கிடையாது. கீழவீதிக்காரன் இடப்பக்கம் ஓட்டுவான். மேலவீதிக்காரன் வலப்பக்கம் ஓட்டுவான். வெற்றிலை வியாபாரி நட்டநடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, சம்பந்தியிடம் கல்யாணக் கதை பேசுவான். இத்தனை பேரும் அடுத்தவனுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று திட்டுவார்கள்.

அரசவை விகடகவி ஏகாம்பரம் தினமும் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து சபைக்கு வருவார். போதாததற்கு, தளபதி மாறபூபதி அரசரைக் கெஞ்சி ஒரு சட்டம் வாங்கியிருந்தார். தம் ரதத்தில் ஒருவனை உட்காரவைத்துக் கொம்பு ஊதவிட்டுக்கொண்டு, சந்தைக்குள்ளும் நாலு கால் பாய்ச்சலில் போவது அவர் வழக்கம்.

அன்று செக்குக்காரன் சடையனைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள். நாற்சந்தியில் அவன் மாட்டுவண்டி மீது தளபதியின் ரதம் மோதியிருந்தது. எண்ணெய்க் குடங்கள் அத்தனையும் உடைந்தன. ஒரு மாட்டுக்குக் காலில் காயம்.

"மகாராஜா! இவன் வழிவிடவில்லை. இருபது கசையடி கொடுத்து வண்டியையும் மாடுகளையும் பறிமுதல் செய்யுங்கள்!" என்றார் தளபதி.

"முன்னாலே வெற்றிலை வண்டி, பின்னாலே வைக்கோல் வண்டி. எங்கேங்க சாமி ஒதுங்குவேன்?" என்று அழுதான் சடையன். "அந்த மாடுங்க போயிட்டா என் பிள்ளைங்க பட்டினிதான்."

ஏகாம்பரம் எழுந்தார். "தளபதியாரே, சட்டத்தின் வாசகம் என்ன?"

"நானே எழுதியது. 'கொம்புள்ள வண்டி வந்தால் கொம்பில்லாத வண்டி ஒதுங்க வேண்டும். ஒதுங்காதவனுக்கு இருபது கசையடி.'"

"ஒரு எழுத்தும் மாறாதே?"

"மாறாது!"

"மகாராஜா, இரண்டு வண்டிகளையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்துவிடலாம்."

சபையே முற்றத்துக்கு வந்தது. ஏகாம்பரம் ரதத்தில் பூட்டிய குதிரைகளின் நெற்றியை மெல்லத் தடவிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். நொண்டும் மாட்டிடம் போய், அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இந்த வண்டியில் நாலு கொம்பு, மகாராஜா. ஒதுங்க வேண்டியது ரதம்தான்."

"என் ரதத்திலும் கொம்பு இருக்கிறது!" என்று கத்தினார் தளபதி.

"அது கடையில் வாங்கியது. இது முளைத்தது. கடையில் வாங்கியதைச் சேர்த்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். உங்களுக்குத் தனியாக ஏதாவது கொம்பு முளைத்திருந்தால் தலைப்பாகையைக் கழற்றுங்கள், அதையும் எண்ணிக்கொள்கிறேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சடையனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். அவன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

"பூபதி, உமது சட்டப்படி கசையடி உமக்குத்தான்" என்றார் அரசர்.

"அடி வேண்டாம் மகாராஜா, ஆறிவிடும்" என்றார் ஏகாம்பரம். "உடைந்த குடங்களுக்கு ஈடு கொடுக்கட்டும். மாட்டுக்குக் கால் ஆறும்வரை, வேறு மாடு பூட்டி, சடையனின் எண்ணெய் வண்டியைத் தளபதியே சந்தைக்கு ஓட்டட்டும்."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார்.

தளபதிக்கு முகம் வெளுத்தது. "சந்தை நேரத்திலா? நம் ஊர்க்காரர்கள் நடுவிலா? எனக்கு எவன் வழிவிடுவான்?"

"ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்றார் ஏகாம்பரம். "வழக்கம்போலக் கொம்பை ஊதிக்கொண்டே போங்கள். மாடு முட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!"