சர்வேயர் மாட்டிய செயின்

கோபிசெட்டிபாளையத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்திய கோகிலவாணிக்கு வயது முப்பத்தாறு. அவளுடைய ஒரே சீடருக்கு அறுபத்திரண்டு.

சீடரின் பெயர் நஞ்சப்பன். முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டிக்கும் கிட்டத்தட்ட அத்தனை வயசு. அதைத் தள்ளிவிடச் சொன்ன மகனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மனைவி மயிலாத்தாளோடு அப்படி இருக்க முடியவில்லை. முப்பது வருடமாக அந்த வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து போனவள் அவள். போன மாதம் கொடிவேரி போகிற வழியில் செயின் மூன்று தடவை கழன்றது. மூன்றாவது தடவை அவள் இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, "இனி நான் பஸ்ஸுலயே போய்க்கறனுங்க" என்றாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. மறுவாரம் சொன்னபடியே பஸ் ஏறினாள். நஞ்சப்பன் காலி சீட்டோடு அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஆறு மைலும் அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் பட்டறைக்கு வந்தார்.

"வண்டிய இங்க உடமாட்டேன் அம்மிணி. என் கையால சரி பண்ணி அவளை உட்கார வைக்கோணும். நீ சொல்லிக் குடு, போதும்."

"சரிங்க சார். உங்க வண்டி மேல நான் கை வைக்க மாட்டேன். கேட்டாச் சொல்றேன்."

"செயின் மட்டும் குடு. பின்சக்கரத்துல பல்லெல்லாம் நல்லா கூராத்தான் இருக்குது. இன்னும் பத்து வருசம் தாங்கும்."

கோகிலவாணி அலமாரியிலிருந்து புதுப் பல்சக்கரம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நஞ்சப்பன் விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு பல்லும் தலை மழுங்கி, கட்டையாக இருந்தது.

"புதுசு இப்படியா இருக்கும்?"

"புதுசு இப்படித்தான் இருக்கும்."

"அப்ப என்னோடது கூரா இருக்கறது?"

"தேஞ்சு தேஞ்சு கூரானதுங்க."

நஞ்சப்பன் செயினோடு முன்னும் பின்னும் மாட்டுகிற பல்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து வாங்கினார். அன்றிலிருந்து அவளை அம்மிணி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு மேஸ்திரி என்றார்.

மூன்று நாள் வீட்டு வாசலில் சாக்கு விரித்து வேலை நடந்தது. ஒன்று கழற்றுவார், பட்டறைக்கு வருவார், கேட்பார், போவார். செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற லாக்கை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று கேட்டார். மூடின முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும் என்றாள். துருவேறிய அச்சு நட்டை எதில் ஊறப்போடுவது என்று கேட்டார். அதையும் சொன்னாள். செயினை எவ்வளவு இழுத்துக் கட்டுவது என்று மட்டும் கேட்கவில்லை. சங்கிலியைப் பற்றி சர்வேயருக்கு இன்னொருத்தர் சொல்ல வேண்டுமா என்ன! முப்பத்து நான்கு வருடம் காட்டிலும் மேட்டிலும் அளவுச் சங்கிலி இழுத்த கை அது. ஒரு விரற்கடை தொய்ந்தால் ஒருத்தன் வரப்பு அடுத்தவன் காட்டுக்குள் போய்விடும். அவர் செயினைத் தொய்வில்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டினார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, கம்பெனியில் மாட்டினது மாதிரியே இருக்கிறது என்றார்கள். நஞ்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

தனியாக ஓட்டிப் பார்த்தார். குறையில்லை. கெஞ்சிக் கூத்தாடி மயிலாத்தாளை ஏற்றினார். தெருமுனை திரும்புவதற்குள் வண்டி அடித்தொண்டையில் உறும ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்ட் வந்ததும் அவள் இறங்கி பஸ் ஏறிக்கொண்டாள்.

நஞ்சப்பன் நேரே பட்டறைக்குப் போனார்.

"எல்லாம் சரியா மாட்டியும் கத்துது மேஸ்திரி."

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். லாக் சரியாக இருந்தது. சக்கரம் நேராக இருந்தது. இத்தனை சுத்தமாக முதல் தடவையே மாட்டினவர் யாரையும் அவள் பார்த்ததில்லை. மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"சத்தம் எப்ப வந்துச்சுங்க?"

"அவ ஏறினப்புறம்தான். நான் தனியா ஓட்டினா வாயே தொறக்கறதில்ல. அவ கனம்தான் காரணமோ என்னமோ."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

நஞ்சப்பன் முகம் சுருங்கிப்போனது. "எல்லாம் சரியானப்புறம் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். இன்னொரு தடவ கூப்பிட எனக்கு வாய் வராது மேஸ்திரி."

"அப்ப எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க சார்."

அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மயிலாத்தாள் பஸ்ஸில் வந்து பட்டறை முன்னால் இறங்கினாள்.

கோகிலவாணி அவளை வண்டியின் பின்சீட்டில் உட்காரச் சொன்னாள். ஓட்டுகிற இடத்தில் அவருக்குப் பதிலாகத் தானே ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப செயினைத் தூக்கிப் பாருங்க சார்."

நஞ்சப்பன் மண்டியிட்டு விரலை வைத்தார். செயின் அசையவில்லை. இறுக்கிக் கட்டின கொடிக்கயிறு மாதிரி இருந்தது.

"கட்டினப்ப இப்படி இல்லையே!"

"கட்டினப்ப வண்டியில யாரும் இல்லைங்க."

"சங்கிலின்னா இழுத்துத்தான் புடிக்கோணும் மேஸ்திரி. நெலம் அளக்கறப்ப..."

"நெலம் ஏறி எறங்காதுங்க சார். சக்கரம் ஏறி எறங்கும். ஆள் உட்கார்ந்தா செயின் இன்னும் இறுகும்."

நஞ்சப்பன் ஸ்பேனரை எடுத்தார். பெண்கள் இருவரும் இறங்கினார்கள். கொஞ்சம் தளர்த்தினார். ஏறினார்கள். விரல் வைத்துப் பார்த்தார், போதவில்லை. மறுபடி இறங்கி மறுபடி ஏறினார்கள். மூன்றாவது தடவை மயிலாத்தாள் உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்தாள். கையெல்லாம் கிரீஸோடு, வியர்க்க விறுவிறுக்க, தன் காலடியில் மண்டியிட்டிருந்த மனிதரைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்களேவா மாட்டினீங்க?"

"பின்ன யாரு?"

"யாரோ பையனை வெச்சு மாட்டினீங்கன்னு நெனச்சேன்."

செயின் இப்போது விரலுக்கு இலேசாக ஏறி இறங்கியது. நஞ்சப்பன் நட்டை முறுக்கினார். கணவனும் மனைவியும் வண்டியில் ஏறி, கள்ளிப்பட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். மயிலாத்தாள் இறங்கியதும் கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சத்தமில்லை கண்ணு! ஞாயித்துக்கெழம பண்ணாரி கோயிலுக்கு இதுலதான் போறோம்."

பட்டறையில் தன் பெரிய வண்டிக்கு ஆயில் மாற்ற வந்திருந்த ஒருவர், நிறுத்தியிருந்த அந்தப் பழைய வண்டியை எட்டிப் பார்த்தார். ஆளில்லாத வண்டியில் செயின் இரண்டு விரல் தொய்ந்து தொங்கியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னங்க இது, தோரணமாட்டத் தொங்குது! எவன் மாட்டினான்?"

மயிலாத்தாள் திரும்பினாள்.

"எவனும் மாட்டல. எங்க வூட்டுக்காரரு மாட்டினாரு. மூணு நாளு வெய்யில்ல உட்கார்ந்து, பழசக் கழட்டிப் புதுசு போட்டு, அவரு கையால மாட்டினாரு. உங்க வண்டிய நீங்க அப்படிக் கழட்டி மாட்டுவீங்களா?"

அந்த ஆள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நஞ்சப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பது வருடத்தில் அவள் இப்படி ஊர் கேட்க அவரைப் பற்றிப் பேசினதில்லை. ஆனாலும் சர்வேயர் கண் சும்மா இருக்குமா? தொங்குகிற செயினையே பார்த்தது. குருவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேஸ்திரி, பாக்கறவங்க சிரிக்கறாங்க. ஒரு துளி மட்டும் இழுத்துக் கட்டிரட்டுங்களா?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டே, வண்டியருகே புறப்படக் காத்திருந்த மயிலாத்தாளைக் காட்டினாள்.

"சிரிக்கறவங்களா சார் பின்னாடி உட்காரப் போறாங்க?"