முள்ளுப் புதர் காத்த கன்னு

ஏ பவளம், காலை மடக்கிப் படு. மாமனை உதைச்சா கதை கிடையாது. ம் கொட்டிக்கிட்டே வரணும். கொட்டாம விட்டே, அந்த எடத்துலயே நிறுத்திட்டு நானும் தூங்கிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. பேரு மூக்காயி. மலை மேல இருக்கற ஊரு. உச்சியில சோலைக்காடு, அதுக்குக் கீழ புல்லுமேடு, அதுக்கும் கீழ மூக்காயியோட பூண்டுத் தோட்டம். சோலைக்குள்ள இருந்து ஒரு ஊத்து சளசளன்னு இறங்கி வரும். ஊரே அதைத்தான் குடிச்சுது. ம்?

ஒரு கோடையில தீப்பிடிச்சு சோலையில பாதி போயிருச்சு. எரிஞ்ச எடமெல்லாம் புல்லு மூடிருச்சு. அப்புறம் அந்த ஊத்து சொட்டு... சொட்டுன்னுதான் வந்துச்சு. "தண்ணியில்லாம என்னத்தப் பொழைக்கிறது? கீழ எறங்கிரலாம்"னு ஊரே மூட்டையைக் கட்டப் பாத்துச்சு. "எறங்கறவங்க எறங்குங்க. நான் சோலையைத் திரும்ப வளக்காம விடமாட்டேன்"னா மூக்காயி.

களையெடுக்கறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. அவ பாத்தியில ஒரு புல்லைக் காட்ட முடியாது. எரிஞ்ச எடத்துப் புல்லையும் அப்படியே சுத்தமாக் கொத்தி, வரிசையா நாவமரக்கன்னு நட்டா. மார்கழி வந்துச்சு. காலையில போய்ப் பாத்தா, பனியில இலையெல்லாம் கருகி மொறுமொறுன்னு கிடக்கு. அழுதாளா? அழுதா. மூக்கைச் சிந்திட்டு மறுபடி நட்டா.

அடுத்த வருஷம் கன்னுக்குக் கன்னு கூடை போட்டு மூடினா. அப்போ காட்டுமாடு வந்துச்சு. தொம்! தொம்! கூடையெல்லாம் நொறுக், கன்னெல்லாம் மசுக் மசுக். சிரிக்காதே கழுதை, அவளுக்கு வயிறு எரியுது.

அவளுக்கு வந்துச்சே கோவம்! சோலை ஓரத்துல ஒரு முள்ளுப் புதர் கொழுகொழுன்னு நின்னுச்சு. "என் கன்னெல்லாம் செத்துப்போச்சு, உனக்கு மட்டும் என்ன கொழுப்பு?"ன்னு கிளையைத் தூக்கிப் புடிச்சு, களைக்கொத்தை ஓங்கினா. உள்ள பாத்தா... ஒரு குட்டி நாவக்கன்னு! குருவி போட்ட விதை. பச்சைப் பசேல்னு நிக்குது, அடி மண்ணு ஈரமா இருக்கு. மேல முள்ளு கூரை மாதிரி கவிஞ்சிருக்கவும் பனியும் அண்டல, மாடும் வாய் வைக்கல. ஓங்குன கை அப்படியே நின்னுருச்சு. ம் கொட்டுடி!

அப்புறம் அங்கங்க நின்ன ஒவ்வொரு புதருக்கடியிலயும் ஒரு கன்னு நட்டா. கையெல்லாம் முள்ளுக் கீறல். "களையெடுக்கத் தெரியாதவ மாதிரி புதருக்குள்ள போய் நடறாளே"ன்னு ஊரு சிரிச்சுது. அந்தப் பேச்சுதான் அவளுக்கு ரொம்ப வலிச்சுது. ஆனாலும் விடல.

அவ புருஷன் சடையன் இருக்கானே, பாவம், ஊரு சிரிக்கறதை அவனால தாங்க முடியல. அவ சந்தைக்குப் போன நேரமாப் பாத்து, வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வைப்போம்னு அரிவாளை எடுத்துக்கிட்டான். சரக்! சரக்! அப்போ அவ மேட்டுல ஏறி வர்றா. "யோவ்! கையை எடுய்யா!"ன்னு கூடையைப் போட்டுட்டு ஓடியாந்தா. அதுக்குள்ள ஒரு புதர் சாஞ்சுருச்சு.

"உனக்காகத்தான்டி வெட்டினேன்"னான்.

"காலையில வந்து பாரு"ன்னா.

காலையில அந்த ஒரு கன்னு மட்டும் பனியில கருகிக் கிடந்துச்சு. மத்ததெல்லாம் பச்சையா நிக்குது. சடையன் அரிவாளைக் கூரையில சொருகிட்டு, கன்னுக்கூடையைத் தூக்கிக்கிட்டு அவ பின்னாடி நடந்தான்.

வருஷம் ஓடுச்சு. ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுது. கன்னெல்லாம் மரமாச்சு. ஊத்து திரும்ப சளசளன்னு வந்துச்சு. ஊரு எறங்கல.

என்னது, அந்தப் புதரா? மரம் நிழல் கட்டவும் வெயிலில்லாம காஞ்சுபோச்சு. ஏய், உதட்டைப் பிதுக்காதே, கேளு. சடையனும் இப்படித்தான் கண் கலங்கி நின்னான். மூக்காயி அவன் கையைப் புடிச்சு மர நிழலை விட்டு வெளிய இழுத்துட்டு வந்தா. அங்க, ஒரு எட்டு தள்ளி, புல்லுக்குள்ள புதுசா ஒரு முள்ளுப் புதர். சடையன் குனிஞ்சு கிளையைத் தூக்கினான். அடியில ஒரு நாவக்கன்னு.

"இதை எப்போடி நட்டே?"ன்னான்.

"நான் நடலையே!"ன்னா.

அவ்ளோதான். கதை புதருக்கடியில பதுங்கிருச்சு, நீ போர்வைக்கடியில பதுங்கு. கண்ணை மூடு.