இதுவா அதுவா குருவி

ஏரிக்கரைப் பனைமரத்தில் ஒரு கூடு, எதிரே ஈச்சமரத்தில் ஒரு கூடு. இரண்டும் பாதிதான் முடிந்திருந்தன. தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அப்படி. ஆண் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்து, "சரி" என்று சொன்னால்தான் மீதியைக் கட்டும்.

மஞ்சி என்ற பெண்குருவிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. முதன்முதலாகத் தாயாகப் போகிறாள். பயம் இருக்காதா, பாவம்!

பனைமரக் கூட்டுக்குள் நுழைந்தாள். பின்னியிருந்த நார்களை இழுத்துப் பார்த்தாள். "பின்னல் நல்ல கெட்டி! ஆனால் இங்கே காற்று பலமாக அடிக்குமே. இதுவா?"

ஈச்சமரத்துக்குப் பறந்தாள். "இங்கே காற்றே இல்லை! ஆனால் தாழ்வாகத் தொங்குகிறதே, பாம்பு வந்தால்? அப்படியானால் அதுவா?"

"இரண்டும் நல்ல கூடுதான். ஏதாவது ஒன்றுக்குத் தலையை ஆட்டித் தொலையேன், தாயே!" என்றது அணில்.

"உனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய்! நாளைக்கு என் குஞ்சுக்கு ஏதாவது ஆனால் நீயா வந்து நிற்பாய்?"

மூன்று நாள் இதே பாட்டுத்தான். கரைப் பறவைகள் அதையே ஒரு சொல்லாக்கிவிட்டன. கொக்கு மீனைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தால்கூட, "என்ன, இதுவா அதுவா பண்ணுகிறாயா?" என்று கேலி! இங்கிலீஷ்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? "ஷல் ஐ? ஷல் ஐ?", அதாவது "செய்யட்டுமா? செய்யட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றவர்களால்தான் 'ஷில்லி ஷாலி' என்ற சொல் அங்கே பிறந்ததாம். முடிவெடுக்காமல் தயங்குவது என்று பொருள். மஞ்சிகள் எந்த ஊரில்தான் இல்லை!

நான்காம் நாள் வானம் கறுத்தது. மஞ்சிக்கு அடிவயிறு கனத்தது. "பனைமரமே போதும்!" என்று பறந்தாள்.

அங்கே வேறொரு பெண்குருவி எட்டிப் பார்த்தது. "நான் நேற்றே சரி சொல்லிவிட்டேனே, அக்கா!"

பதறிக்கொண்டு ஈச்சமரத்துக்கு ஓடினாள். அங்கே ஆண்குருவி தன் கூட்டைத் தானே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"மூன்று நாள் காத்திருந்தேன், அம்மா. உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன்."

"பிடித்திருந்தது! இரண்டுமே பிடித்திருந்தது!" என்று கதறினாள் மஞ்சி.

"அழாதே! இதோ, மறுபடி கட்டுகிறேன்!" என்று நார் தேடி ஓடியது அந்த நல்ல குருவி.

முட்டை அதுவரை பொறுக்குமா? மஞ்சி வெறும் மட்டையில் உட்கார்ந்தாள். முட்டை நழுவி, ஏரித் தண்ணீரில் விழுந்தது. குஞ்சுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதானே அவ்வளவு யோசித்தாள்! அந்தக் குஞ்சே இல்லாமல் போயிற்று.

நல்லவை இரண்டில் எதை எடுத்தாலும் வாழ்ந்துவிடலாம். எதையும் எடுக்காமல் நிற்பவருக்கு இரண்டுமே இல்லாமல் போகும்.